ஏழு டிகிரி மேற்கு

தொழுகைக்குத் தென்கிழக்கு.
செய்திக்கு, தெற்கிலிருந்து கொஞ்சம் மேற்கே தள்ளி.
கஸ்ரீனின் மொட்டைமாடிகளில் கிண்ணங்களைத்
திருப்பித் திருப்பியே என் தோள் ஒருபக்கம் இறங்கிவிட்டது.

மோன்ஜி ஒருமுறை கூஸ்கூஸ் சட்டியின் ஓட்டைத் தட்டைக்
கம்பியில் கட்டி, இத்தாலிப் பந்தாட்டம் பிடித்தான்.
அது விளையாட்டு.
தொண்ணூறுகளின் கடைசியில் வந்தது வேறு:
இரண்டு பேர், கோட்டு சூட்டு, எங்கள் மொழியில்,
ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டு.
மருந்துக்கடை ஷாத்லி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்,
யாராவது வந்து அவர்களைப் பிடித்துப்போவார்கள் என்று.
விளம்பரம்தான் வந்தது.

எங்கள் தொலைக்காட்சியில் எட்டு மணிக்கு
அதிபர் வரவேற்றார். அதிபர் வழியனுப்பினார்.
அதிபர் வாழ்த்துத் தந்தி அனுப்பினார்.
பிறகு வானிலை;
அதுவும் பெரும்பாலும் நன்றாகவே இருந்தது.

காவல் ஆய்வாளர் நள்ளிரவில் ஆளனுப்பினார்.
ஸ்பேனர் பையோடு போனேன், வயிறு கலங்க.
"தெருவிலிருந்து தெரியக் கூடாது, தாழ்த்தி வை."
தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வைத்துக் கொடுத்தேன்.
காசு நான் கேட்கவில்லை. அவரும் கொடுக்கவில்லை.

அந்த ஜனவரியில்
காகித ஆலை நெடியோடு கண்ணீர்ப்புகை கலந்த மூன்றாம் நாள்
யாரோ கைப்பேசியில் எடுத்த நாற்பது நொடி
வளைகுடாவுக்குப் போய்
முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் ஏறி
அதே அளவு இறங்கி
ஸுஹைராவின் கூடத்துக்கு வந்தது.
அடுத்த தெருவில் நடந்தது.
அடுத்த தெருவிலிருந்து அதுவரை ஒருவரும் வந்திருக்கவில்லை.
ரொட்டிக்கடை வாசல். ஓடும் கால்கள்.
ஓடாத இரண்டு கால்கள்.
ஒரு காலணியில் வெள்ளைக் கயிறு; மற்றதில்
காலையில் அறுந்துபோனதற்குப் பதில்
அவளே பின்னல் நூலைத் திரித்துக் கோத்துவிட்ட பச்சை.

அந்த வீட்டுக் கிண்ணத்தை வைத்தவன் நான்.
படம் நல்ல தெளிவு.

அந்த வாரமே அதிபர் விமானம் ஏறினார்.
தெருவில் அலைவரிசையின் பெயரைச் சொல்லி ஆடினார்கள்.
நானும் ஆடினேன், இறங்கிய தோளோடு.

பிறகு வருடங்கள். கிண்ணம் ஒன்றுதான்,
ரிமோட்டில் எண்கள் பெருகின.
ஒன்றில் வஜ்தி தியாகி.
ஒன்றில் கூலிக்குக் கல்லெறிந்தவன்.
மூன்றாவது, அவன் நாட்டையே மாற்றி
வேறொரு போருக்குப் படமாகப் போட்டது.
ரொட்டிக்கடைப் பெயரை மட்டும் மங்கலாக்கியிருந்தார்கள்.
பச்சைக் கயிறு அப்படியே.

நேற்று ஸுஹைரா கூப்பிட்டாள்.
கழற்ற வேண்டாம் என்றாள்,
மழைச் சத்தம் அதில் விழுந்து கேட்டுப் பழகிவிட்டது.
கொஞ்சம் திருப்பினால் போதும்,
ஒன்றும் வராத பக்கமாக.

வானத்தில் அப்படி ஓர் இடம் இப்போது லேசில் கிடைப்பதில்லை.
ஷாம்பி மலைப் பாறையைப் பார்க்க வைத்து மரையை இறுக்கினேன்.
கீழிருந்து "சரி" என்று குரல்.
எப்போதும் செய்வதுபோல் கிண்ணத்தின் முதுகில்
கோணத்தைக் குறிக்கப் பேனாவை எடுத்தேன்.
பழைய எழுத்து இன்னும் அழியவில்லை: ஏழு, மேற்கு.
அதற்குக் கீழே
மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு
பேனா காயும்வரை நின்றேன்.