இரண்டு அடி, மூன்று அங்குலம்

மோர்ப்பண்ணையில் எனக்குப் பதினேழு வீடு.
தாலுகா ஆபீஸ் கொடுத்த டேப், நீலச் சாக்பீஸ்,
படிவத்தில் இரண்டே கட்டம்:
பகுதிச் சேதம். முழுச் சேதம்.
ஊறியதற்குக் கட்டமில்லை.

முனியராஜ் வீட்டில் மழைத்தண்ணீர்.
ஓட்டு இடுக்கில் வழிந்து
குண்டானில் நிறைந்து
பாய் தலையணையை மட்டும் கெடுத்திருந்தது.
"ரெண்டு வெயில் அடிச்சாப் போதும்" என்றார் அவரே.

அடுத்த தெருவில் சாக்கடை ஏறியிருந்தது.
அரிசி டிரம்மை ரோட்டில் கவிழ்த்திருந்தார்கள்;
கோழிகூட அண்டவில்லை.
மூக்கைப் பொத்திக்கொண்டு எழுதினேன்: பகுதி.

பூமயில் வீட்டுக்குக் கடல் வந்து போயிருந்தது.
ஒரே ராத்திரி.
கழுவித் தள்ளி, வாசலில் கோலமும் போட்டுவிட்டாள்.
சுவிட்ச் பெட்டிக்கு ஒரு முழம் கீழே
பாசி படிந்த வரி.
இரண்டு அடி, மூன்று அங்குலம்.
வரியின் மேல் சாக்பீஸ் இழுத்தேன்.
சுவர் நிற்கிறது, கூரை நிற்கிறது.
பகுதி.

"செவுத்த நக்கிப் பாருங்க சார்."
பார்க்கவில்லை.
இன்னும் ஆறு வீடு பாக்கி, பஸ் நாலரைக்கு.

தை கடைசியில்
விட்டுப்போன ஒரு கையெழுத்துக்காகத் திரும்பப் போனேன்.
நீலக்கோட்டில் பாதி உதிர்ந்திருந்தது.
ஈரம் அதைத் தாண்டி,
சுவிட்ச் பெட்டியைத் தாண்டி,
போன வருசக் காலண்டரின் மார்கழிக்குள் ஏறியிருந்தது.

கடல் இறங்கிய பிறகும்
சுவர் குடித்துக்கொண்டே இருந்திருக்கிறது.
பூச்சு அப்பளமாய் உப்பி
விரல் பட்டால் பொலபொலத்தது.
உள்ளே, பாத்தியில் முதல் நாள் கட்டுகிற மாதிரி
வெள்ளைப் பூ.
பகலில் காய்கிறதாம்,
வாடை அடித்தால் இரவில் மறுபடி வியர்க்கிறதாம்.
பீரோ கால் இற்றுச் செங்கல்மேல் நின்றது.
மூலைத் தூணில் கம்பி பருத்து
தீக்குச்சி நுழையும் அகலத்துக்கு
ஒரு பிளவு.

"இப்ப அளங்க."

அளந்தேன்.
மூன்று அடி, பதினோரு அங்குலம்.
எழுத இடமில்லை;
பட்டியல் கலெக்டர் ஆபீஸ் போய் ஒரு மாதமாகிறது.
அதை அவளிடம் சொன்னேனா
என்று இப்போது நினைவில்லை.
கையெழுத்துப் போட்டாள்,
தாளைச் சுவரில் வைக்காமல்
முழங்காலில் வைத்து.

"அந்தச் சாக்பீஸைக் குடுத்துட்டுப் போங்க.
தேதி போட்டு நானே கோடு இழுத்துக்குறேன்."

கொடுத்துவிட்டேன்.
ஆபீஸ் கணக்கில் ஒன்று குறையும்.