பந்து வெளியே போகட்டும்

போன வருசம் போனில் பார்த்த ஆட்டத்தை
அப்படியே தாளில் இறக்கினேன்.
சின்னச் சின்னப் பாஸ், முக்கோணத்துக்குள் முக்கோணம்.
நாவாந்துறையிடம் நாலு கோல் வாங்கினோம்.

இந்த முறை தாளைத் தொடவில்லை.
பெடியளைப் பார்த்தேன்.

டெறன்சின் காலுக்குப் பந்து போனால் தடுக்கி விழுவான்.
தோள் வேறு கதை. விடிய விடிய எறிவலை வீசும் தோள்.
கோட்டுக்கு வெளியே நின்று கையால் எறிந்தால்
கோல் வாசலில்தான் பந்து இறங்கும்.
ஆகவே எங்கள் முதல் திட்டம்:
பந்து வெளியே போகட்டும்.

லியோனுக்கு இடது காது கேளாது.
"விடடா, விடடா" என்று நாங்கள் கத்தக் கத்த
வலதோரத்தால் ஒரு வருசம் தனியே ஓடியவன்.
இடதோரம் மாற்றினேன்.
இப்போது முழு மைதானமும் அவனுடைய வலது காதுக்குள்.

நிமலதாசன் ஓடமாட்டான்.
முழங்காலில் இன்னும் இரும்பு கிடக்கிறது.
ஆனால் யார் எங்கே ஓடப்போகிறான் என்று
ஓடுகிறவனுக்கு முன்னமே அவனுக்குத் தெரியும்.
நடுவில் நிற்கட்டும்.
மற்றவர்கள் ஓடட்டும்.

பாசையூர்க் கோயில் மதிலில், லைற்றுக்குக் கீழே,
சோடா மூடிகள் பதினொன்று.
ஒன்பதாம் இலக்கம் நான்.
எங்கே வைத்தாலும்
யாரோ ஒருவனின் வழியில் கிடந்தது அந்த மூடி.
பன்னிரண்டு மணி தாண்டியும் நகர்த்திப் பார்த்தேன்,
பிறகு சட்டைப் பையில் போட்டேன்.

ஞாயிறு பின்னேரம்.
பந்து கோட்டைத் தாண்டி என் காலடிக்கு உருண்டு வருகிறது.
சேர்ட்டில் ஈரம் துடைத்து
டெறன்சிடம் கொடுக்கிறேன்.