தண்ணிக் கழிவு

மஸ்கெலியாவிலிருந்து ஆறரை பஸ்.
மடியில் டெப்லட், அதன்மேல் ஈரக்குடை.
எழுபது நாட்டுக்கும் ஒரே கேள்விக்கொத்து.
எனக்கு வாய்த்தது மேற்பிரிவின் மூன்று லயம்,
வீட்டுக்கு ஒருவர்,
கடைசியாய்ப் பிறந்தநாள் வந்தவர்.

பிறந்தநாளிலேயே முதல் இடறல்.
"பெரிய வெள்ளத்துக்கு அடுத்த தீவாளி," என்றாள் ஆராயி,
"அடையாள அட்டையில வேற என்னமோ இருக்கும்."
எதையோ போட்டேன்.

கேள்வி பதினான்கு: கடவுளை நம்புகிறீர்களா?
"கும்பிடுறேன்."
நம்புகிறீர்களாம்மா?
"நம்புறதுன்னா, தொரையக்கூடத்தான் நம்புறோம்,
சம்பளத்துக்கு மொத நாளு வரைக்கும்.
ரோதைமுனி அப்படியில்ல.
அது அங்க இருக்கு, அவ்வளவுதான்."

இதற்குக் கட்டம் இல்லை.
மூலத்தில் என்ன சொல் இருந்ததோ,
கொழும்பில் யாரோ அதை நம்பிக்கை ஆக்கினார்.
முதல் வரைவில் விசுவாசம் என்றிருந்ததாம்;
அது மாதா கோயிலுக்கும் நாய்க்கும்தான் பொருந்தும் என்று
வெட்டிவிட்டார்களாம்.

அடுத்த காம்பரா, செபஸ்தியான்.
கத்தோலிக்கம், சந்தேகமேயில்லை,
ஞானஸ்நானச் சீட்டை எடுக்கவே எழுந்துவிட்டார்.
கவ்வாத்துக் கத்தி முதல் செடியில் படுமுன்
கவ்வாத்துச் சாமிக்கு வெற்றிலையும் சேவலும்
வைப்பவரும் அவர்தான்.
அது எந்த மதம் என்றேன்.
"அது வேல," என்றார்.
ஒன்றுக்கு மேல் அழுத்த முடியாது.

இளஞ்செழியன், தொழிற்சங்கம். அப்பா ஆசையாய் வைத்த பெயர்.
"மதமில்ல. முப்பது வருசமா இல்ல."
ஒரு சுத்தமான பதில்! விரலை நீட்டிவிட்டேன்.
குசினிக்குள்ளிருந்து குரல்:
"இந்துன்னே போடு புள்ள,
சின்னவன வேற ஸ்கூல்ல சேக்கணும்."
அவர் மறுக்கவில்லை.
"போடுங்க. எனக்குன்னு எங்கயாச்சும் ஒரு ஓரத்துல
எழுதி வச்சுக்கங்க."
ஓரம் இல்லாத திரை.
அதே முப்பது வருடமும் காமன் கூத்தில்
மன்மதன் இவர்தானென்று
பக்கத்துவீட்டில் சொன்னார்கள்.
விரதம் பிடித்தாரா என்று
கேட்கத் தோன்றவில்லை, கேள்வியிலும் இல்லை.

பவளக்கொடியின் மகளை மண்சரிவில் எடுத்தார்கள்,
மூன்றாம் நாள்.
"அன்னையோட எல்லாத்தயும் விட்டுட்டேன்."
எத்தனை தடவை வழிபடுகிறீர்கள்?
"தெனம்."
பின்னால் படத்துக்கு முன் திரி எரிந்தது,
எண்ணெய் நிறைய.
"விட்டது அவர," என்றாள்,
"வெளக்க இல்ல."
தெரியாது என்பதை அழுத்தினேன்.
தெரியாதது எனக்குத்தான்.

சிக்னல் கிடைக்கும் வளைவில் மேற்பார்வையாளர் பிடித்தார்.
'தெரியாது' ஐந்து வீதம் தாண்டக்கூடாது,
உங்களுடையது நாற்பது.
நாளை போய் இலக்கமாக்கிக் கொண்டுவாருங்கள்,
பெல்ஜியத்தோடு ஒப்பிட வேண்டும்.

மறுநாள் நிறுவைக் கொட்டகை. மழைக் கொழுந்து.
கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்க்காமலே
கூடைக்கு மூன்று கிலோ கழித்தார், தண்ணிக்கு.
எட்டாதவர்களுக்கு அரைப்பேர்.
ஆராயி படங்குச் சாக்கை உதறிக்கொண்டே கேட்டாள்:
"நேத்து நான் சொன்னதுல எத்தன கழிச்ச?"

இன்னும் கழிக்கல.

"கழிக்கிறதுன்னா சொல்லிட்டுக் கழி.
இவரு சொல்றதில்ல."

பத்துக்குள் ஓர் இலக்கம் சொல்லுங்கம்மா,
சாமி உங்களுக்கு எவ்வளவு முக்கியம்?

தராசைப் பார்த்தாள்.
ஃபெக்டரிப் பக்கம், ரோதைமுனி இருக்கும் திக்கில்,
கொஞ்ச நேரம் பார்த்தாள்.
"அதுக்கு அரைப்பேர் போடு.
இந்த மாசம் அம்புட்டுத்தான் வேல செஞ்சிருக்கு."

ஐந்தை அழுத்தினேன்.
அடுத்த கேள்வி வந்தது.