நான்காவது பல்பு

டௌகவ்பில்ஸ் டிராம் பணிமனை, இரவு இரண்டு மணி.
பழைய பெட்டியின் கூரையில் ஐந்து பல்புகளும் அவிந்து கிடந்தன.
தொடர் இணைப்பு அப்படித்தான்:
அறுநூறு வோல்ட்டை ஆளுக்கு நூற்றிருபதாய்ப்
பங்கிட்டுக்கொள்ளும் ஒரே பந்தி,
ஒருவர் எழுந்தால் எல்லோருக்கும் இலை மூடும்.

ஸ்கைட்ரீடே ஏணியில் நின்று
மீட்டர் முனைகளை வைத்துக்கொண்டே போனாள்.
சுழியம்.
சுழியம்.
சுழியம்.
நான்காவதில் முள் துள்ளியது.
நல்ல பல்புகளிடம் எதுவுமில்லை;
அறுநூறும் இங்கேதான்,
அறுந்த இழையின் மயிரிடையில்,
ஓட வழியின்றி, முழுசாக.

விசையை இறக்கினாள், பல்பை மாற்றினாள்.
ஐந்தும் ஒருசேரக் கண் விழித்தன.

வீடு ஐந்தாம் மாடியில்.
இரண்டு அறை, பொதுவாக ஒரு சமையலறை.
அடுத்த அறை ஆர்வீட்ஸுடையது.
சுவருக்குள் எல்லாம் பக்க இணைப்பு:
அவருக்கும் இருநூற்று முப்பது, இவளுக்கும் அதே,
யாரும் யாருடையதையும் தொடுவதில்லை.
மாதக் கடைசியில் மின்கட்டணத்தில் பாதி
சில்லறையாக ஜன்னல் விளிம்பில் இருக்கும்.
அவ்வளவுதான் பேச்சு.

இன்று அவர் கதவடியில் மஞ்சள் வெளிச்சம்.
நேற்றுக் காலையிலும் இருந்தது.
முந்தாநாளும்,
இப்போது நினைத்துப் பார்த்தால்.

இவள் விளக்கு ஒருமுறைகூட மங்கவில்லையே.

கெட்டில் கொதித்து, தானே அணைந்தது.
தட்டுவதற்குக் கையை ஓங்கினாள்.
விரல் முட்டிக்கும் பலகைக்கும் நடுவே
ஒரு மயிரிடை.
எல்லாமும் அங்கே வந்து நின்றது.