பொறி

பீல் நகரத்துக் கடிகாரத் தொழிற்சாலையில்
இருட்டில் உட்கார்ந்திருப்பதுதான் என் வேலை.
முதல் பத்து நிமிடம் எதையும் தொடக்கூடாது,
கண் பழகட்டும்.

ஸ்ட்ரோன்சியம் அலுமினேட், ஒரு துளி யூரோப்பியம்,
ஒரு துளி டிஸ்ப்ரோசியம்.
விளக்கைக் காட்டி அணைத்தால்
எண்கள் பச்சையாய் எழுந்து சரியும்,
முதலில் மளமளவென்று,
பிறகு கஞ்சன் எண்ணித்தரும் சில்லறையாய்.

"ஃபாலெ" என்றாள் ஊர்சினா.
பொறி.
ஒளி உதைத்துத் தள்ளிய இலத்திரன்கள்
படிகத்தின் குழிகளில் விழுந்து கிடக்கின்றனவாம்.
அறையின் சூடு உலுக்க உலுக்க
ஒவ்வொன்றாய் ஏறிவந்து
இடம் சேரும்போது ஒளிர்கின்றனவாம்.

எலி பிடிப்பதும் பொறி,
தீயில் பறப்பதும் பொறி என்று
அவளுக்குச் சொல்ல நினைத்தேன்.
என் ஜெர்மன் அதற்குப் போதாது.

ஏழு கோணலாய் அச்சாகிக்
கழிவில் விழுந்த முகப்பு ஒன்றை
விளக்கில் காட்டி, டப்பாவில் மூடி,
வீட்டு ஃப்ரீசரில் வைத்தேன்
மீன் துண்டுகளுக்கும் பட்டாணிக்கும் நடுவே.
வெள்ளி. சனி. ஞாயிறு.
அந்தக் குளிரில்
குழியை விட்டு ஏறியவை கொஞ்சம்தான்.

ஞாயிறு இரவு, விளக்கில்லாத சமையலறை.
உள்ளங்கையில் வைத்தேன், சுட்டது பனி.
மங்கலாய்த்தான் இருந்தது, இருக்கிறதா என்றுகூடச்
சந்தேகம்.
பிறகு கட்டைவிரல் பட்ட பக்கத்திலிருந்து
நான்கு,
ஐந்து,
கோணல் ஏழு.
வெள்ளிக்கிழமை வெளிச்சம்.

"பல்ப் எரிஞ்சுபோச்சோ?" என்றபடி
சுகிர்தன் வந்து சுவிட்சைத் தட்டினார்.

குழிகள் எல்லாம்
மறுபடி நிரம்பின.