ஆறரை மணிக்காரன்

எண்ணூர் துறைமுக வாசலில்
இரவெல்லாம் வரிசையில் நிற்கும் டிரெய்லர்களில்
ஒன்று என்னுடையது.
மாலை ஐந்துக்குக் கிளம்பினால்
காலை ஏழுக்குத்தான் வியாசர்பாடி.
இடைப்பட்ட நேரத்து வீடு
எனக்குத் தெரியாது.

"ஆறரை ஆனா காயுது" என்றாள் தேன்மொழி.
நான் பார்க்கிற இமயா
பேஸ்ட்டைத் தின்றபடி பல் துலக்கி
என் லுங்கியில் வாய் துடைப்பவள்.
நெற்றி தண்ணிக்குடம் மாதிரி சில்லென்று.
"நல்லாத்தானே இருக்கா?"
டிபன் டப்பா மூடிய சத்தம்
அவள் பதில்.

வைரல் என்றார்கள்.
அடுத்த வாரம் டைபாய்டு.
டெங்குவுக்கு ரத்தம்.
டிபிக்குக் கையில் ஊசி, சுற்றிப் பேனாவால் வட்டம்.
காய்ச்சல் மட்டும்
கார்டு தேய்க்கிற கம்பெனி ஆள் மாதிரி
தினம் ஆறரைக்கு வந்து
நள்ளிரவில் வேர்த்துப் போனது.

கூடவே புள்ளி வருமாம்,
இளஞ்சிவப்பாய், அக்குளில், தொடையில்.
சொறியவே மாட்டாளாம்.
ஓ.பி. காலையில்.
சட்டையைத் தூக்கினால்
கூண்டேறியதும் பல்டியடித்த சாட்சியாய்
வெறும் வயிறு.
"எங்கம்மா ராஷ்?"

அன்று முதல் போனில் எடுத்தாள்.
ட்யூப்லைட்டில் தொடை. பக்கத்தில் தெர்மாமீட்டர்.
6.40. 6.35. 6.52.
நாற்பத்தொரு படம்.
மணலி நெருப்புக் குழாய் தெரிய
வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன்.
நீல டிக் விழுந்தது.
பதில் போடவில்லை.

பிறகு ஒருநாள்
அது என் நேரத்துக்கு வந்தது.
கதவு திறந்ததும் சாவி பிடுங்க ஓடி வருபவள்
பாயிலேயே கிடந்தாள்.
"அப்பா, கால் இன்னும் தூங்குது. எழுப்பு."
முட்டி மடங்கவில்லை.
மணிக்கட்டு ஊறிய பன்.
ஒன்பதரைக்குத்தான்
டம்ளரைப் பிடித்தாள், இரண்டு கையாலும்.
நான் தூங்கப் போகவில்லை.
தேன்மொழி முகத்தை
நேராகப் பார்க்கவும் இல்லை.

எலும்புக்குள்ளிருந்து ஊசியில் எடுத்தார்கள்.
பெயர் சொல்லாமல் எதையோ தேடுகிறார்கள் என்று
எங்களுக்குத் தெரியும்.
அது இல்லை என்ற மதியம்
ஸ்டான்லி வாசல் டீக்கடையில்
தேன்மொழி இரண்டு பட்டர் பன் தின்றாள்.

சின்ன வயது டாக்டர்தான்
நாற்பத்தொரு படத்தையும் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.
"அழிச்சிடாதீங்கம்மா."
குழந்தைகளுக்கு வரும் மூட்டுவாதம்,
மூட்டோடு நிற்காத வகை என்றார்.
கல்லீரல், மண்ணீரல், நெஞ்சுச் சவ்வு வரை போகும்.
திருடனே வராத யார்டில்
நிற்காமல் அடிக்கும் சைரன் என்று
நான் புரிந்துகொண்டேன்.
"வயசானவங்களுக்கு வர்றதாச்சே?" என்றேன்.
இந்தக் கேள்விக்குப் பழகியிருந்தார்.

சிலருக்கு ஒருமுறை வந்து போய்விடும்.
சிலருக்குப் போய்ப் போய் வரும்.
சிலருக்குக் காய்ச்சல் காலி செய்தாலும்
மூட்டில் குடித்தனம் தொடரும்.
"இவளுக்கு?"
"இப்ப சொல்ல முடியாது."
பொய் சொல்லாததற்காக
அவரை எனக்குப் பிடித்தது.

மாத்திரையில் முகம் உப்பியது.
"புள்ள தேறிட்டா" என்றது தெரு.

கணேசபுரம் சப்வேயில் தண்ணி நின்ற மழையில்
ஆறரை மணிக்காரன்
விடிந்தும் போகவில்லை.
ஈறில் ரத்தம். இவள் எங்களைப் பார்க்கவில்லை.
ஆட்டோ சுற்றிப் போனது.
ஒன்பது நாள் ஐ.சி.யூ. கண்ணாடி.
ரத்த அணு இறங்க இறங்க
ஃபெரிட்டின் என்றொரு எண்
ஆயிரம் ஆயிரமாய் ஏறியது.
இறங்கும் என்று
யாரும் சொல்லவில்லை.
இறங்கியது.

இப்போது பதினைந்து நாளுக்கொரு தரம்
பாட்டிலில் ஏற்றுகிறார்கள்.
காலையில் கால் மணி நேரம் நொண்டி
அப்புறம் பள்ளிக்கூடம்.
மருந்தா, நோய்க்கே அலுத்ததா, தெரியாது.

நான் பகல் யார்டுக்கு மாறிவிட்டேன்.
சம்பளம் குறைவு.
ஆறரைக்கு வீட்டில் இருக்கிறேன்.
குக்கர் விசில் விடும்.
தேன்மொழியும் நானும் கடிகாரத்தைப் பார்ப்போம்,
பார்க்காத மாதிரி.
போன் இடமில்லை என்கிறது, தினமும்.
அந்தப் படங்களை யாரும் தொடுவதில்லை.

நேற்று நெற்றியில் கை வைத்தேன்.
தட்டிவிட்டாள் இமயா.
"எனக்கொண்ணும் இல்ல.
உன் கைதான் சுடுது."