சோத்து மணிக்கு முன்

பணகுடிக்கு மேற்கே
மலை இடைவெளியில் ஆனிக் காற்று நுழையும் மாதம்.
காலையில் ஒரு சாரல் வந்து
கொடிக்கம்பத்தடியில், சிமிண்டுத் தரையில்
தோசைக்கல் அளவுக்குத் தண்ணீரை
விட்டுவிட்டுப் போயிருந்தது.

ஓரத்தைச் சுற்றிச் சாக்பீஸால் வரைந்தேன்.
ஈரத்தில் கரைந்தது. ஒரு விரல் தள்ளி மறுபடி வரைந்தேன்.
இரண்டாம் வகுப்பு, பதினோரு பேர்,
குத்தவைத்துப் பார்த்தார்கள்.

கையேட்டில் 'முன்கணிப்பு' என்று போட்டிருந்தது.
அந்தச் சொல்லைச் செருப்போடு வாசலில் விட்டுவிட்டேன்.
"சோத்து மணி அடிக்கையில
இந்தத் தண்ணி என்ன ஆயிருக்கும்?
இப்பமே சொல்லணும். பாத்துட்டுச் சொல்லக் கூடாது."

"குறி சொல்லணுமா டீச்சர்?
எங்க மாமா சொல்லுவாவ."
இசக்கிதுரையின் மாமா கோமரத்தாடி.
"கிட்டத்தட்ட அப்படித்தாம்ல. ஆனா
மாமாட்ட ஏன்னு கேக்க முடியாது.
உன்ட்ட கேப்பேன்."
கொஞ்ச நேரம் யோசித்தான்.
"அப்பம் கஷ்டம்" என்றான்.

அபினேஷ்: பெருசாவும்.
ஏன்?
நாங்க கை கழுவுவோம்லா.

ஷாமிலா: ஒரு பொட்டு இருக்காது.
ஏன்?
காத்தாடி குடிச்சிரும்.
கை காட்டினாள். தரிசுக்கு அப்பால்
மூன்று வெள்ளைக் கைகள் சுற்றிக்கொண்டிருந்தன.

பிரம்மசக்தி கோட்டுக்குள் ஒரு சின்ன வட்டம் போட்டாள்.
ஏன் என்றதும் தோளைக் குலுக்கினாள்.
ஜெர்லின் வாயே திறக்கவில்லை,
நோட்டை நெஞ்சோடு அணைத்தபடி.

"நீங்க, டீச்சர்?"
பதினாலு வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி.
விடை தெரிந்த கேள்விகளோடுதான்
நான் வள்ளியூரில் பஸ் ஏறுவது.
போர்டில் என் பெயரெழுதி, நேரே 'இருக்காது' என்று போட்டேன்.
ஏன்? வெயில். காற்று.
பிறகு, பெரிய மனுஷித் தோரணை.

பதினொன்றரைக்குக் காற்று நின்றது.
ஆனியில் அப்படி நிற்காது. நின்றது.
ஸ்டாச்சு சொன்னதுபோல்
காத்தாடியின் கைகள் அப்படியே.
மேகம் வேறு.

மணி. தட்டை மறந்து ஓடினார்கள்.
தண்ணீர் இருந்தது,
கோட்டிலிருந்து நாலு விரல் உள்வாங்கி,
தனக்கென்று புதுக் கரை போட்டுக்கொண்டு.

எல்லோரும் போர்டில் என் பெயரைப் பார்த்தார்கள்.
டஸ்டர் என் கையில்தான் இருந்தது.

அப்போதுதான் ஜெர்லினைக் கண்டேன்.
தூணுக்குப் பின்னால், அவசரமாக,
மிச்சத் தண்ணீரைப் பார்த்துப் பார்த்து
நோட்டில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தாள்.
என்ன கச்சிதமான வட்டம்.
அவள் வீட்டில் ஒரு தப்புக்கு என்ன விலையோ, தெரியாது.
என் வீட்டு விலை தெரியும்.
எச்சில் தொட்டு அழித்தே ஓட்டையான நோட்டுகள் என்னுடையவை.

அவளை ஒன்றும் கேட்கவில்லை.
'இருக்காது' பக்கத்தில் எழுதினேன்:
தப்பு. காற்று நிற்குமென்று நினைக்கவில்லை.
எழுதி முடித்தபோது
சாக்பீஸ் இரண்டாக உடைந்திருந்தது.

ஷாமிலாவுக்கு ஒரு வருத்தமும் இல்லை.
"காத்தாடி நின்னுட்டுல்லா டீச்சர், அதான் குடிக்கல."
அவள் காரணம்
என்னுடையதைவிடப் பத்திரமாகக் கரையேறியிருந்தது.
அதை எங்கே பிடித்து அசைப்பது என்று
சாம்பார் சாதம் ஆறும்வரை யோசித்தேன்.

வழி சொன்னவன் இசக்கிதுரை, வாய் நிறையச் சோற்றோடு:
"காத்தாடிக்குத் தெரியாம
பீரோக்குள்ள ஒரு கிண்ணத்துல வெச்சுப் பாப்போம்."

மறுநாள் காற்று திரும்பியிருந்தது.
ஒரே அளவில் இரண்டு கிண்ணம்.
ஒன்று வெளியே, ஒன்று பீரோவுக்குள்.
கதவைச் சாத்தப் போகையில்
என் சேலையை யாரோ இழுத்தார்கள்.
கிட்டப் போனால்தான் கேட்கும் குரலில்
ஜெர்லின் சொன்னாள்: "உள்ளயும் குறையும். ஆனா கொஞ்சம்."
"ஏன்?"
"ஈரத் துணி பெட்டிக்குள்ளயும் காயும்ல?
நாத்தம் அடிக்கும். ஆனா காயும்."

நோட்டில் அவள் போட்டிருந்த வட்டம்
ஒரு பக்கம் நசுங்கியிருந்தது.
தேதி போட்டேன். நேரம் போட்டேன்.
மணியடிக்க இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.